புட்டைவிடத் தேத்தண்ணிதான் யோசிக்க வைக்கிறது

திருகோணமலை நகரை அடுத்த ஓர் ஊரிலிருந்து 51 வயது ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு வருடமாக வலது கையில் விறைப்பு, கழுத்து நோவு. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் கழுத்தில் இரண்டு இடங்களில் (சி5–சி6, சி6–சி7) டிஸ்க் பிதுங்கி நரம்பை நெரிப்பது தெரிந்திருக்கிறது. ஏழு வாரங்களுக்கு முன் கொழும்பில் ஒப்பரேஷன். கழுத்தின் முன்பக்கமாக வெட்டி, டிஸ்க்குகளை எடுத்து, தகடும் திருகாணிகளும் வைத்து எலும்புகளைப் பொருத்தியிருக்கிறார்கள். கை விறைப்பு மறுநாளே குறைந்துவிட்டது. அந்த அளவில் அவருக்கு நிம்மதிதான்.

ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. புட்டு, பாண், ரொட்டி எல்லாம் தொண்டைக்குழியில் வந்து நிற்கின்றன. தண்ணீர் குடித்துத் தள்ளுகிறார். தேத்தண்ணி குடித்தால் இரண்டு மிடறுக்கு ஒருமுறை புரைக்கேறுகிறது. குரல் கரகரத்துப் போய், தொலைபேசியில் பேசினால் மறுபக்கத்தில் "யார் பேசுறீங்க?" என்று கேட்கிறார்களாம். எடை 62 கிலோவிலிருந்து 57க்கு வந்துவிட்டது. எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு குசினிக்குள் தனியாக இருந்து சாப்பிடுகிறார். சீனி வருத்தமும் உண்டு. மெட்ஃபோர்மின் குளிசை பெரிது என்பதால் அதை நிறுத்திவிட்டு, சின்னதான கிளிக்ளசைட்டை மட்டும் வழக்கம்போலப் போடுகிறார். காலை பதினொரு மணியளவில் கை நடுங்கி வியர்க்கிறது. ஒப்பரேஷன் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு கதை. தகடு நழுவிவிட்டது, பின்கழுத்து நோவுக்கு முன்னால் வெட்டியதே பிழை, வழக்குப் போடு என்கிறார் அண்ணா. சென்னைக்குப் போ, காசு அனுப்புகிறேன் என்கிறார் கனடாவில் இருக்கும் தங்கை. எண்ணெய் பூசி உருவினால் சரியாகும் என்று நெரிவு முறிவு பார்ப்பவர் ஒருவரைப் பக்கத்து வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். மாமியாருக்கோ, புரைக்கேறினால் யாரோ நினைக்கிறாங்க, அவ்வளவுதான். "மூன்றாம் மாதக் கிளினிக் வரை பொறுக்கலாமா டொக்டர்?" என்பது கேள்வி.

அன்புள்ள ரீச்சர்,

பொறுக்க வேண்டாம். இந்த வாரத்துக்குள் காது மூக்கு தொண்டை வைத்தியர் ஒருவர் உங்கள் குரல்நாண்களைப் பார்த்துவிட வேண்டும். இன்றைக்கே ஓடிப்போய் வாட்டில் படுக்கும் நிலை என்று கடிதத்தை வாசித்தால் தெரியவில்லை. அதற்காக இன்னும் ஐந்து வாரம் பார்த்துக்கொண்டிருக்கும் விஷயமும் இல்லை. ஆனால் அதற்கும் முன்னால், இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்கும் தொண்டைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.

பதினொரு மணி நடுக்கம்

கிளிக்ளசைட் கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்க வைக்கும் குளிசை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. முன்பு ஐந்தாறு இடியப்பம் சாப்பிட்டவர் இப்போது அரைக் கோப்பைக் கஞ்சியோடு நிறுத்திவிட்டு அதே குளிசையைப் போட்டால், பதினொரு மணிக்கு இரத்தத்தில் சீனி இறங்கத்தான் செய்யும். நடுக்கமும் வியர்வையும் அதன் அடையாளங்கள். அடுத்த முறை வரும்போது வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள். 70க்குக் (mg/dL) கீழே என்றால் சந்தேகமில்லை. மீட்டர் இல்லாவிட்டால், சீனி இறங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கென்றால் சீனி கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்வோம். உங்களுக்கு அது புரைக்கேறும். ஒரு மேசைக்கரண்டி தேனைக் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் வைத்து விழுங்குங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு கரண்டி. வீட்டாரிடமும் ஒன்று சொல்லி வையுங்கள்: நினைவு தடுமாறிய நிலையில் உங்கள் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 1990 அம்பியூலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

நாளைக் காலைக் குளிசைக்கு முன்பே உங்கள் சீனி வருத்தத்தைப் பார்க்கும் வைத்தியரிடம் பேசிவிடுங்கள். சாப்பாடு பாதியாகிவிட்டது என்பதையும், மெட்ஃபோர்மினை நிறுத்தியதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். கிளிக்ளசைட்டின் அளவை அவர் மாற்றக்கூடும். அதுவரை, ஒரு நேரம் சாப்பிடவே முடியாமல் போனால் அந்த நேரத்துக் கிளிக்ளசைட்டைப் போடாதீர்கள். மெட்ஃபோர்மினைப் பொடியாக்கிப் போடலாமே என்று யாராவது சொன்னால் பெட்டியைப் பாருங்கள். மெதுவாகக் கரையும் வகை என்றால் அதை உடைக்கவே கூடாது. மருந்து முழுவதும் ஒரேயடியாக இறங்கிவிடும். சில பிரஷர் குளிசைகளுக்கும் இதே விதிதான். எதைப் பொடிக்கலாம், எதற்குப் பாணி வடிவம் இருக்கிறது என்பதை பார்மசியில் இருக்கும் மருந்தாளரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இரண்டு கோளாறுகள், ஒரே தொண்டை

இனித் தொண்டைக்கு வருவோம். நீங்கள் "விழுங்க முடியவில்லை" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன.

ஒன்று, புட்டும் பாணும் சிக்குவது. உணவுக் குழாய் தொடங்கும் இடம் ஏறக்குறைய ஆறாவது கழுத்து எலும்பின் மட்டம். உங்களுக்கு ஒப்பரேஷன் நடந்த இடமும் அதுவே. எலும்புக்கும் உணவுக் குழாய்க்கும் நடுவே மெல்லிய படலங்கள்தான் உண்டு. ஒப்பரேஷன் நேரம் முழுவதும் அந்தக் குழாயை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடித்திருப்பார்கள். அது வீங்கும், தசைகள் சோர்ந்துபோகும், பின்னால் தகடு வேறு இருக்கும். ஆகவே சிக்குவது அதிசயமில்லை. 2002இல் வந்த, மருத்துவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வில், இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு முதல் மாதத்தில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விழுங்குவதில் ஏதாவது சிரமம் இருந்தது. ஆறு மாதத்தில் அது ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ஒரு வருடத்தில் எட்டில் ஒருவர். பெண்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட மட்டங்களில் செய்துகொண்டவர்களுக்கும் கூடுதலாக இருந்தது. நீங்கள் இரண்டிலும் சேர்கிறீர்கள். இந்தச் சிக்கலை மட்டும் எழுதியிருந்தால், மென்மையான சாப்பாடாகச் சாப்பிட்டுக்கொண்டு கிளினிக் திகதி வரை இருங்கள் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

மற்றது தேத்தண்ணி. தண்ணீர் போன்றவை புரைக்கேறுவதையும் குரல் மாறியதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பக்கக் குரல்நாண் அசையவில்லையோ என்ற கேள்வி வருகிறது. குரல்நாண்களை அசைக்கும் நரம்பு உணவுக் குழாய்க்கும் மூச்சுக் குழாய்க்கும் இடையில் உள்ள பள்ளத்தில்தான் ஏறி வருகிறது. ஒப்பரேஷனில் அது அறுபட வேண்டும் என்றில்லை, இழுபட்டாலே போதும், சில வாரமோ சில மாதமோ வேலை செய்யாமல் இருந்துவிடும். நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு குரல்நாண்களும் ஒன்றோடொன்று சேர்ந்து மூச்சுப் பாதையை மூடுகின்றன. ஒன்று அசையாவிட்டால் இடைவெளி விழும். புட்டு அதற்குள் போவது குறைவு, ஓடுகிற தேத்தண்ணி போய்விடும். நெஞ்சுக்குள் போனால் நியூமோனியா வரலாம்.

புரைக்கேறி இருமுவது ஒருவகையில் நல்லது, உடம்பு காவல் காக்கிறது என்று அர்த்தம். சிலருக்கு உணர்ச்சி மங்கி, இருமலே வராமல் உள்ளே இறங்கும். ஆகவே ஒருநாள் திடீரென்று இருமல் நின்றுவிட்டு, சாப்பிட்ட பின் குரல் மட்டும் தண்ணீர் தேங்கியதுபோலக் கேட்டால், சுகமாகிவிட்டது என்று மாமியாரோடு சேர்ந்து நீங்களும் சந்தோஷப்பட வேண்டாம்.

புட்டைத் தண்ணீரால் தள்ளுவதும் இதே காரணத்தால் உங்களுக்கு ஒத்துவராது. இரண்டு கோளாறுகளும் ஒரே மிடறில் சந்தித்துவிடும்.

சாப்பாட்டு நேரத்தில்

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள்: கழுத்துப் பட்டியைப் போட்டுக்கொண்டே சாப்பிடுவதாக. இறுக்கமான பட்டி நாடியை மேலே தூக்கிப் பிடிக்கும். அண்ணாந்தபடி ஒரு மிடறு விழுங்கிப் பார்க்கச் சொன்னால் சுகமாக இருப்பவருக்கே கஷ்டம். பட்டியை நீங்களாகக் கழற்ற வேண்டாம், எலும்பு ஒட்டிக்கொண்டிருக்கும் காலம் இது. ஒப்பரேஷன் செய்தவருக்கோ அவருடைய வாட்டுக்கோ தொலைபேசி எடுத்து, "சாப்பிடும் நேரத்தில் மட்டும் தளர்த்தலாமா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதிச் சிரமம் குறைந்தவர்களும் உண்டு.

கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு தேக்கரண்டி அளவாக எடுத்து, அது முழுவதும் இறங்கிய பிறகு அடுத்ததை எடுங்கள். வாயில் ஒன்றும் இல்லாவிட்டாலும் இன்னொரு முறை விழுங்கிக்கொள்ளலாம். சாப்பிடும்போது பேச்சு வேண்டாம், டீவியும் வேண்டாம். முடிந்து அரை மணி நேரமாவது படுக்காதீர்கள். பல் துலக்குவதைக் காலையும் இரவும் ஒழுங்காகச் செய்யுங்கள். வாய் சுத்தமாக இருந்தால், தப்பித்தவறி எச்சில் உள்ளே போனாலும் நெஞ்சுச் சளி பிடிக்கும் ஆபத்து குறைவு. நாடியைத் தாழ்த்தி விழுங்கு, தலையை ஒரு பக்கம் திருப்பி விழுங்கு என்றெல்லாம் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அவை பயனுள்ள பயிற்சிகள்தான். ஆனால் ஏழு வாரக் கழுத்தோடு, எந்தப் பக்கக் குரல்நாண் பலவீனம் என்று தெரியாமல் நீங்களே செய்யக்கூடாது.

என்ன சாப்பிடலாம்? உதிர்கிற சாப்பாட்டுக்குக் கொஞ்சகாலம் விடுமுறை. புட்டு, ரஸ்க், வறுத்த கடலை, காய்ந்த ரொட்டி எல்லாம் இதில் அடக்கம். சொதி ஊற்றிய புட்டும் வேண்டாம். தண்ணீரும் துணிக்கையும் கலந்த சாப்பாடுதான் தொண்டைக்கு ஆகக் கஷ்டமான கணக்கு, சொதி முந்தி ஓட புட்டு பிந்தி நிற்கும். குழைத்த சோறும் பருப்பும், மசித்த பூசணி, தடிப்பான குரக்கன் கூழ், அவித்து மசித்த முட்டை, முள் முழுவதும் எடுத்து மசித்த பாரை அல்லது அறக்குளா, இவையெல்லாம் இறங்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் உங்களுக்கு இப்போது மருந்து மாதிரி: தடிப்பு இருக்கிறது, புரதம் இருக்கிறது, வழுக்கிக்கொண்டு போகும். பாணி மட்டும் ஊற்றாதீர்கள். நெத்தலி, கீரி மாதிரிச் சின்ன முள் மீன்களைக் குழம்பு நன்றாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

தேத்தண்ணி விஷயத்தில் என்ன சொல்வது! மாவு போட்டுத் தடிப்பாக்கிக் குடியுங்கள் என்றால் எந்த ரீச்சர் கேட்பார்? பரிசோதனை முடியும்வரை, கோப்பையை வாயில் கவிழ்க்காமல் தேக்கரண்டியால் குடியுங்கள். அதற்கும் புரைக்கேறினால் நிறுத்திவிட்டு, தடிப்பான கஞ்சி, கூழ் வழியாக நீரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருமலுக்குப் பயந்து தண்ணீரையே குறைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கச்சான் காலத்து வெயிலில் அது ஆபத்து. சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால், நீர் போதவில்லை.

எடை குறைந்ததில் ஒரு பகுதி ஒப்பரேஷனோடு யாருக்கும் வருவது. ஆனாலும் ஏழு வாரத்தில் ஐந்து கிலோ என்பது உங்கள் எடையில் எட்டு வீதம். இனியும் குறைய விடக்கூடாது. மூன்று நேரத்தை ஆறு சின்ன நேரமாக்குங்கள். அப்புறம், அந்தக் குசினி மூலையில் தனியாக இருந்து சாப்பிடுவதை விட்டுவிடுங்கள். வெட்கம் ஒருபக்கம் இருக்கட்டும், ஏதாவது அடைத்துக்கொண்டால் பார்க்க ஆள் வேண்டாமா?

கிளினிக்கில் என்ன நடக்கும்

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய் ஈஎன்டி கிளினிக்கில் காட்டக் கேளுங்கள். வரிசை நீளம் என்றால் ஒருமுறை காசு கட்டித் தனியாரிடம் சனல் பண்ணிப் பார்ப்பதும் தப்பில்லை. மூக்கு வழியாக மெல்லிய கமராக் குழாயை விட்டுக் குரல்நாண்கள் அசைகின்றனவா என்று பார்ப்பார்கள். மயக்க மருந்து தேவையில்லை, சில நிமிட வேலை. அதே குழாய் உள்ளே இருக்கும்போதே நிறமூட்டிய உணவை விழுங்கச் சொல்லி, எது எங்கே தேங்குகிறது என்று பார்க்கும் முறையும் உண்டு. கழுத்துக்குப் பக்கவாட்டு எக்ஸ்றே ஒன்றும் எடுக்க வேண்டும். தகடு, திருகாணி இருந்த இடத்தில் இருக்கின்றனவா, எலும்புக்கு முன்னால் வீக்கம் இருக்கிறதா என்பதை அது சொல்லிவிடும். அண்ணாவுக்கு அந்தப் படத்தைக் காட்டலாம். பேரியம் விழுங்க வைத்து வீடியோ எக்ஸ்றே எடுப்பது எல்லா ஊரிலும் நடப்பதில்லை. தேவைப்பட்டால் பெரிய வைத்தியசாலைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

பேச்சு சிகிச்சையாளரிடமும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். திக்குகிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் அவர்கள் என்று நம் ஊரில் ஓர் எண்ணம். விழுங்கப் பழக்குவதும் அவர்களுடைய வேலைதான். ராகமையில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இதற்கென்றே பட்டப்படிப்பு நடக்கிறது. உங்கள் கழுத்துக்கு எந்தப் பயிற்சி பொருந்தும் என்று அவர் சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

குரல்நாண் ஒன்று அசையவில்லை என்றே வந்தாலும் இடிந்துபோக வேண்டாம். பெரும்பாலானவை சில மாதங்களில் தாமாகத் திரும்புகின்றன. ஒரு வருடம் வரை பார்ப்பது வழக்கம். அதுவரை புரைக்கேறுவது கடுமையாக இருந்தால், அந்த நாணை ஊசி மருந்தால் தடிப்பாக்கி நடுவுக்குக் கொண்டுவரும் வழியும் இருக்கிறது. உங்கள் தொழிலுக்குக் குரல் வேண்டும் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள், முடிவெடுக்க அது உதவும். நெஞ்செரிவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். அமிலம் மேலே வந்தால் வீங்கிய தொண்டை ஆறத் தாமதமாகும். தகட்டை எடுத்துவிடுவது ஆகக் கடைசி வழி. எலும்பு ஒட்டிய பிறகும் சிரமம் போகாமல், வேறு காரணமும் கிடைக்காமல் இருந்தால்தான் அந்தப் பேச்சு.

கிளினிக் திகதியைப் பார்க்காமல் போக வேண்டியவை

மூச்சு எடுக்கக் கஷ்டம் அல்லது மூச்சில் கீச்சுச் சத்தம். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது. காய்ச்சலோடு கழுத்து வீக்கம், தழும்பிலிருந்து ஏதாவது கசிவது, தோலை அழுத்தினால் நறநறவென்று காற்று இருப்பதுபோல் தெரிவது. மஞ்சள் சளியோடு இருமலும் காய்ச்சலும். கை கால் பலம் குறைவது, சிறுநீர் போவதில் மாற்றம். இவற்றில் ஒன்று வந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உணவுக் குழாயில் துளை விழுவது நூற்றில் ஒருவருக்கும் குறைவாக நடப்பது. ஆனால் ஒப்பரேஷன் முடிந்து வெகுகாலம் கழித்தும் வரலாம் என்பதால், ஆறு மாதம் கழித்துக் காய்ச்சலும் தொண்டை நோவும் சேர்ந்து வந்தாலும் கழுத்தில் தகடு இருப்பதை வைத்தியருக்குச் சொல்ல மறக்காதீர்கள்.

அண்ணாவுக்கும் தங்கைக்கும்

முன்னால் வெட்டியது பிழையில்லை. டிஸ்க் முள்ளந்தண்டு நாணுக்கு முன்னால் இருக்கிறது. பின்னாலிருந்து அதை முழுதாக எடுக்கப் போனால் நாணை ஒதுக்கித்தான் போக வேண்டும். கழுத்தில் அதை யாரும் துணிந்து செய்யமாட்டார்கள். முன்பக்க வழி 1950களிலிருந்து உலகம் முழுவதும் இருக்கிறது. விழுங்கச் சிரமம், குரல் மாற்றம் இரண்டும் அந்த வழிக்குத் தெரிந்த பக்க விளைவுகள். அவை வந்த ஒரே காரணத்தால் வைத்தியரின் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. இதையெல்லாம் முன்கூட்டியே விளங்கும் மொழியில் உங்களுக்குச் சொன்னார்களா என்பது நியாயமான கேள்வி. கையெழுத்து வாங்கிய படிவம் தமிழில் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. ஒப்பரேஷன் விவரம், டயக்னோசிஸ் கார்ட், ஸ்கான் பிரதிகளைக் கேட்டு வாங்கி வையுங்கள். சிகிச்சைக்கும் அவை வேண்டும், பிறகு யாரிடமாவது முறையிட நினைத்தாலும் அவைதான் வேண்டும்.

சென்னைப் பயணத்தை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். முதலில் தேவையான கமராவும் எக்ஸ்றேயும் இங்கேயே இருக்கின்றன. அறிக்கை கையில் வந்த பிறகு தங்கையின் காசு எதற்கு உதவும் என்று பார்ப்போம்.

நெரிவு முறிவு பார்ப்பவரிடம் மட்டும் போகவே கூடாது. அவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, சுளுக்குக்கு அவரிடம் போய் வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இப்போது உங்கள் கழுத்தில் எலும்பு இன்னும் ஒட்டி முடியவில்லை; அதற்குப் பல மாதம் பிடிக்கும். உருவினால் திருகாணி தளரலாம், பக்கத்தில் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் இருக்கிறது.

கிளினிக்குக்குப் போகும் அன்று கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்ட், எம்ஆர்ஐ படம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எது இறங்குகிறது, எது சிக்குகிறது, எதற்குப் புரைக்கேறுகிறது என்று மூன்று நாளைக்கு ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தால் வைத்தியருக்கு நேரம் மிச்சம். குளிசைகளைப் பெட்டிகளோடேயே ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், நிறுத்திவிட்ட மெட்ஃபோர்மினையும் சேர்த்து.